நிகர எடை

மணலியில் எனக்கு எடைமேடையில் வேலை.
லாரி சரக்கோடு ஏறும், ஒரு சீட்டு.
காலியாய்த் திரும்பி ஏறும், ஒரு சீட்டு.
கழித்து எழுதுவேன்.
பதினோரு வருஷத்தில் கழித்தலைத் தவிர
பெரிதாய் ஒன்றும் செய்ததில்லை.

ராயபுரம் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில்,
இரண்டாம் நாள்
கோகிலவாணி சிஸ்டர் என் கையில்
கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையும்
ஒரு தாளும் திணித்தாள்.
'உள்ள போறது இந்தப் பக்கம்,
வெளிய வர்றது அந்தப் பக்கம்.
ஒரு சொட்டு விடாம எழுதுங்கண்ணா.'
சிரித்துவிட்டேன்.
அவளுக்கு ஏனென்று புரியவில்லை.

கட்டிலில் ஷைனி. ஆறு வயது.
கொருக்குப்பேட்டை தண்டவாளத்தோரம்
தகரம் கீறின முழங்கால்.
ஒரே வாரத்தில் வீங்கிப் பளபளத்து
சீழ் எலும்புவரை போயிருந்தது.
முதல் ராத்திரி நான்தான் கெஞ்சினேன்,
'இருக்கிறதுலயே பெரிய மருந்தா போடுங்க.'

இரண்டு மருந்து ஏறியது.
ஒன்று மெதுவாய், மணி நேரம் முழுக்க.
வேகமாய் விட்டால் உடம்பு சிவக்குமாம்.
இன்னொன்று ஆறு மணிக்கொரு தரம்.
எந்தக் கிருமி என்று கல்ச்சர் சொல்லும்வரை
இரண்டும் வேண்டும் என்றார்கள்.
வேண்டும்தான்.
மூன்றாம் நாள் ஜுரம் இறங்கியது.
இட்லி கேட்டாள்,
சட்னியை மட்டும் நக்கினாள்.
அமலி அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய்த்
தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள்.

தாளில் என் கையெழுத்து:
பால் நூறு.
மூத்திரம் நூற்றெண்பது.
டிரிப். டிரிப்.
நூற்றைம்பது.
மறுபடி பால், மறுபடி டிரிப்.
எண்பது.
நாற்பது.

போனதெல்லாம் வராமல் நின்றால்
எங்கள் யார்டில் அதற்குத் திருட்டு என்று பேர்.
சீட்டுக்கு அடியில் கல் இருக்கும்,
டிரைவர் முகத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்.
இவள் முகத்தில்
கண்ணிமை மட்டும் உப்பியிருந்தது.
'நல்லாத் தூங்கியிருக்கா' என்றாள் அமலி.
நான் பிள்ளையைத் தூக்கிப்போய்
வார்டுக் கோடியிலிருந்த மெஷினில் நிறுத்தினேன்.
முந்தாநாள் பதினேழு கிலோ நூறு.
இன்று பதினேழு எண்ணூறு.
சாப்பிடாத பிள்ளை
எழுநூறு கிராம் ஏறியிருக்கிறது.

தாளோடு ஓடினேன்.

டாக்டர் பர்வீன், தூக்கம் கெட்ட சின்னப் பெண்,
நின்றபடியே படித்தாள்.
ரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் என்று ஒன்று
பாயிண்ட் நாலாய் இருந்தது,
ஒண்ணு பாயிண்ட் ஒண்ணு.
சின்ன எண்தானே என்றேன்.
'கிட்னிக்கு அது சின்னது இல்லைங்க.
ரெண்டும் தனித்தனியா நல்ல மருந்து.
சேந்து போறப்ப சில பிள்ளைங்களுக்குத் திணறுது.
நம்பர் மட்டும் ஏறும், கிட்னிக்கு ஒண்ணும் ஆகாதுன்னும்
சொல்றவங்க இருக்காங்க.
ஆனா இவ மூத்திரம் குறைஞ்சிருக்கே.
ஒண்ண மாத்திடறேன்.'

எனக்குத் தெரியும் அது.
மேடையில் சேறு ஒட்டினால் எண் பொய் சொல்லும்.
பொய்தானே என்று நான் விட்ட ஒரு நாள்
அடியில் நிஜமாகவே விரிசல்.
அன்றும் இரண்டு லாரி,
ஒன்றன் வால் இறங்குமுன் மற்றதன் தலை ஏறியது.
இரண்டுமே சரியான பாரம்தான்.
லாரியைத் திட்டி என்ன செய்ய.

அன்று ராத்திரி முப்பத்தைந்து.
மறுநாள் நாற்பது, நாற்பது.
கால் வீக்கம் வடிந்துகொண்டிருந்தது,
அதைப் பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை.

ஆறாம் நாள் விடிகாலை மூன்றரை.
துறைமுகத்தில் எதுவோ ஊளையிட்டு ஓய்ந்தது.
'அப்பா, ஒண்ணுக்கு.'
குவளையைப் பிடித்தேன்.
சத்தம் நின்றபாடில்லை.

மேலேயிருந்து பார்த்தால் கூடுதலாய்த் தெரியும்,
குனிந்து பாருங்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள்.
டியூப் லைட்டுக்கு நேரே வைத்து
பாத்ரூம் ஈரத்தில் மண்டியிட்டேன்.
நூற்றுப்பத்து. நூற்றுப்பதினைந்தாகவும் இருக்கலாம்.
நூற்றுப்பத்து என்றே எழுதினேன்,
நமக்குச் சாதகமாய் எழுதுவது தொழிலுக்கு ஆகாது.

கொட்ட மனம் வரவில்லை.
இளஞ்சூடாய் இருந்தது.
வெளியே யாரோ கதவைத் தட்டும்வரை
பிடித்துக்கொண்டு நின்றேன்.