கண்ணாடியில் பூத்தது

முடோனில் பதினேழு நாளாய் மழை.
மோல்மேனிலிருந்து வந்த ஒற்றை மைக்ராஸ்கோப்பின்
கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சை பூத்துவிட்டது,
சிலந்தி கால் நீட்டினாற்போல்.
இனி எவர் தோலைச் சுரண்டி வைத்தாலும்
தெரிவது அவருடையதா என்னுடையதா
சொல்ல முடியாது.

ஆக, கண்தான். விரல்தான்.
யாங்கோனுக்கு அனுப்பலாம் என்கிறது சுற்றறிக்கை.
பதில் வருவதற்குள், வந்தால்,
படை முதுகைத் தாண்டியிருக்கும்.

சௌரிமுத்து வருகிறார்,
தோட்டத்துச் சம்பளப் பட்டியலில் கோ மியிண்ட்.
கையெல்லாம் ரப்பர் பாலின் புளித்த வாடை.
உட்காரவில்லை.
கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக்
கைலி முடிச்சைத் தளர்த்திக் கேட்கிறார்:
"பெரிய வியாதியா?"

பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டேன்.
"கண்ணை மூடுங்க. எங்க தொடறேன்?"
"இங்க. இங்க. இப்ப தொடலை."
மூன்றும் சரி.
அரிக்குதா என்றேன்.
ராத்தூக்கமே இல்லை என்றார்.
நல்லது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

பெரிய வியாதி இல்லை. சரி, வேறென்ன?
படர்தாமரை என்றால் ஓரம் இருக்க வேண்டும்,
சிவந்து, செதிலோடு, வளையமாய்.
எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அது.
இவர் இடுப்பில் யாரோ அதை அழித்திருக்கிறார்கள்.
மங்கல் மட்டும்.
மேலே மனைவி பூசிய தனக்கா, காய்ந்து வெடித்து.

"என்ன போட்டீங்க?"
முடிச்சிலிருந்து ஒரு டியூப்.
மியாவாடி வழியாக வந்தது. தாய்லாந்து எழுத்து;
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
ஆனால் ஒரே ராத்திரியில் அரிப்பை அடக்குகிற
களிம்பின் குணம் தெரியும்.
நோயின் முகத்தைத் துடைத்துவிட்டு
உள்ளே பாய் விரித்துக் கொடுக்கும்.

"இதை நிறுத்துங்க. ரெண்டு வாரம்.
முதல்ல அதிகமாகும். அப்ப வாங்க."
சிரித்தார்.
"அதிகமாக்கிட்டு வரச் சொல்ற டாக்டரை
இப்பத்தான் பார்க்கிறேன்."
நான் டாக்டர் இல்லை. அதையும் சொன்னேன்.

வீட்டில் ஆறு பேர். கைலி மூன்று.
கயிற்றில் எதுவும் காயவில்லை.
என் அலமாரியில் பூஞ்சைக் களிம்பு இரண்டு டியூப்.
கரி இஸ்திரிப்பெட்டி கிடைத்தால்
தையல் ஓரத்தில் அழுத்தித் தேய்க்கச் சொன்னேன்.
யார் வீட்டில் இருக்கிறது என்று
அவர் யோசித்துக்கொண்டே போனார்.

மேசையில் பஞ்சு, கண் மங்கிய மைக்ராஸ்கோப்.
தாய்லாந்து டியூப் இல்லை.
நோட்டில் நோயின் பெயருக்கு ஒரு கட்டம்.
பேனாவை மூடிவிட்டுப்
பென்சிலைத் தேடினேன்.