டிக்கெட்டின் பின்புறம்

இந்த மாசிப் பச்சைக்கு
எங்கள் தலைக்கட்டுக்கு வரி கேட்டு யாரும் வரவில்லை.
பங்காளி சின்னக்கருப்பு நோட்டோடு தெருவில் வந்தான்.
வலப்பக்கம் வாங்கினான், இடப்பக்கம் வாங்கினான்,
என் வாசலில் மட்டும் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.
மணியே அடிக்கவில்லை.
முந்நூறு ரூபாயை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்,
கொடுப்பேனா மாட்டேனா என்று
எனக்கே தெரியாமல்.

சபையிலும் இன்னும் பேர் ஏறவில்லை.
"முழுக்கு ஆகட்டும்" என்றார் போதகர் ஜெயசிங்.
"ஒச்சுக்காளை வேண்டாமே, அது சாமி பேரு.
எபினேசர்னு வச்சுக்கலாம்."
நல்ல பேர்தான்.
செக்கானூரணி வரைக்கும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை,
நானும்.

சாட்சி சொல்லச் சொல்கிறார்கள்.
எனக்கு முன்னால் பேசியவர் சாராயத்திலிருந்து எழுந்தவர்.
அவருக்கு முன்னால் பேசிய அக்காவுக்குக் கட்டி கரைந்திருக்கிறது.
நான் குடித்ததில்லை. பிரஷர்கூட நார்மல்.
பத்தொன்பது வருஷம்
பெரியார் நிலையம், உசிலம்பட்டி,
உசிலம்பட்டி, பெரியார் நிலையம்.
இதில் எந்த ஸ்டாப்பில் கண்ணீர் விடுவது?

நடந்தது இவ்வளவுதான்.
சில்லறை இல்லாத நாளில்
மீதியை டிக்கெட் பின்னால் எழுதித் தருவேன்.
ஏழு, பதின்மூன்று, இரண்டு.
பாதிப் பேர் மறந்து இறங்கிவிடுவார்கள்.
கருமாத்தூர் விலக்கில் ஒரு ராத்திரி,
கடைசி நடை, வண்டியில் நாலே பேர்,
மூட்டையோடு இறங்கிப் போன ஒரு ஆள்
இருட்டுக்குள்ளிருந்து திரும்ப ஓடிவந்தான்.
வண்டி நகர்ந்துவிட்டது.
டிக்கெட்டை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தான்.
விசில் கொடுத்து நிறுத்தினேன்.
மூன்று ரூபாய்.
"மூணு ரூவாய்க்கா இந்த ஓட்டம்?"
"என்னுதுல்ல" என்றான், மூச்சு வாங்க.

டிப்போவில் கணக்கை முடித்துப் படுத்தேன்.
கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு
ஒருவர் இருட்டில் ஓடி வந்துகொண்டே இருக்கிறார்,
எழுதிக் கொடுத்தவர்களே மறந்துவிட்ட
ஒரு சொற்பத் தொகையைக் கேட்டு.
அந்தத் தொகை நான்.
இவ்வளவு சின்னதா என்று கூச்சம்.
இதுக்கா இந்த ஓட்டம் என்று அழுகை.
இதைப் போய் மைக்கில் எப்படிச் சொல்ல?

வைகையில் முழுகத் தண்ணீர் இல்லை.
செல்லம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொட்டி,
மார்பளவு, காலுக்குக் கீழே பாசி.
பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது.
போதகர் குனிந்து "பேர்?" என்றார்.
எபினேசர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தும்போது
என் அலறலுக்கு மேலே அய்யா கத்திய பேர்,
ஸ்கூல் ரிஜிஸ்தரில் எழுத்துப்பிழையோடு ஏறிய பேர்,
மெமோவில் வந்த பேர்.
ஓடிவந்தவர் இதைச் சொல்லித்தானே கேட்டிருப்பார்?
வேறு பேர் கொடுத்தால்
மீதி யார் கணக்கில் போகும்?

"ஒச்சுக்காளை" என்றேன்.
அவர் என்னையே பார்த்தார்.
மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று
இன்னொரு தரம், நடத்துனர் குரலில், சொன்னேன்.
ஒன்றும் சொல்லாமல்
தலையில் கைவைத்து அமுக்கினார்.
காதெல்லாம் தண்ணீர்.

மறுநாள் முதல் நடை, நாலே முக்கால்.
சின்னக்கருப்பு கத்தரிக்காய் மூட்டையோடு ஏறினான்.
பேசவில்லை. நூறு ரூபாயை நீட்டினான்.
சில்லறை இல்லை. பின்னால் எழுதிக் கொடுத்தேன்.
பெரியாரில் கூட்டத்தோடு இறங்கிப் போனவன்
படிக்கட்டுக்குத் திரும்ப வந்து
கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான்:
"டேய் ஒச்சு, மீதி."

உடனே திரும்பினேன்.