கைமாறும்போது

இன்று காலை என் மேசைக்கு வந்த பத்திரம்
நாற்பத்தொரு லட்சம் டாலர்.
சாம்பல் பூத்த மரச்சில்லுச் சுவர்,
கடலைப் பார்த்து ஐந்து சன்னல்.
வாங்குவது ஒரு கம்பெனி,
கம்பெனிக்கு ஏதோ மீனின் பெயர்.
வில்லங்கம் ஏதுமில்லை என்று எழுதி
முத்திரை குத்தினேன்.

உண்மையில் வில்லங்கம் இருந்தது.
அக்டோபரிலிருந்து மே வரை அங்கே
ஜோசிலேனி குடியிருந்தாள், இரண்டு பிள்ளைகளோடு.
அவள் பெயரை எழுத எங்கள் பேரேட்டில் பத்தி கிடையாது.

ஜூன் பிறந்தால் தீவில் பாதிப்பேர்
பெட்டியைத் தூக்குவோம்.
கோடைக்காரர்கள் வந்து சன்னல்களைத் திறப்பார்கள்.
இந்தக் கோடையில் எனக்குக் கிடைத்தது
படகுக் கொட்டகையின் மாடி.
தலையணையில் ஏறிய தார் நாற்றம்
எத்தனை துவைத்தும் போகவில்லை.
பதிவு அலுவலகத்தில் பதினோரு வருஷம்.
இந்தத் தீவில் எந்த அடி மண் யாருடையது
என்று கேளுங்கள், புத்தகம் பார்க்காமல் சொல்வேன்.
உன்னுடையது எது என்று மட்டும்
கேட்டுவிடாதீர்கள்.

காபிக் கறை படிந்த உறையின் பின்புறம்
கணக்குப் போட்டேன். பழக்கமாகிவிட்டது.
முதல் பத்து லட்சத்தைத் தொடாதே.
மிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு.
அறுபத்திரண்டாயிரம்.
ஒரு சமையலறை, ஒரு குளியலறை,
இழுத்துப் பிடித்தால்
பாதிக் கூரை.

ஏப்ரலில் ஊர்க்கூட்டம்,
பள்ளியின் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே.
எல்வுட் திரஷர் எழுந்தார்.
சிப்பி வாரியே முதுகு வளைந்தவர்.
"எங்கப்பன் வியர்வையில வாங்குன நிலம்.
நான் வித்தா ஊருக்கு எதுக்குப் பங்கு?"
கை தட்டினார்கள். நானும் கொஞ்சம் தட்டினேன்,
அவரை எனக்குப் பிடிக்கும்.

பிறகு அடெலினு. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்.
ஒலிபெருக்கியை வாங்கத் தெரியாமல் வாங்கினார்.
"எனக்குப் பேச வராது.
இங்கே வீடு கிடைக்காமல் அக்கரையில் இருக்கிறேன்.
கடைசிக் கப்பல் ஒன்பதரைக்கு.
அதற்குமேல் உங்களுக்கு நெஞ்சு வலித்தால்
நான் அக்கரையில் இருப்பேன்."
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.
யாரும் கை தட்டவில்லை.
அட்டைகள் மட்டும் ஏறின,
எண்ணுகிற பெண் இரண்டு முறை எண்ணினாள்.
நானூற்றுப் பதினாறு. எதிராக நூற்றுத் தொண்ணூறு.

ஜெயித்தோம்.
ஐந்தாவது முறையாக ஜெயித்தோம்.

ஊர் தலையாட்டினால் போதாது,
பாஸ்டன் தலையாட்ட வேண்டும்.
அங்கே எங்கள் மனு
ஒரு கமிட்டியிடமிருந்து இன்னொரு கமிட்டிக்குக்
கைமாறிக்கொண்டே இருக்கிறது.
அந்தக் கைமாற்றத்துக்குக்
கட்டணம் எதுவும் இல்லை.

மத்தியானம் எல்வுட் வந்தார், விற்கிறாராம்.
பத்தொன்பது லட்சத்து எண்பதாயிரம்.
கையெழுத்துப் போடும் இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.
பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.
"அது வந்திருந்தா எனக்கு எவ்வளவு ஆகியிருக்கும்?"
"பத்தொன்பதாயிரத்து அறுநூறு."
உறை எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.
"என் மக அக்கரைக்குப் போயிட்டா, தெரியுமா?"
தெரியும். அவள் காலி செய்த வீட்டின் பத்திரமும்
என் முத்திரைதான்.
கொஞ்ச நேரம் சுவரில் மாட்டிய கட்டணப் பட்டியலைப் படித்தார்,
நகலுக்கு ஒரு டாலர், சான்றுக்கு இரண்டு.
"ஒருத்தன் தானாக் கட்டணும்னா
எங்கே கட்டறது?"

பதினோரு வருஷத்தில்
இதை யாரும் கேட்டதில்லை.
அப்படி ஒரு சன்னல் இன்னும்
இங்கே வைக்கவில்லை என்றேன்.
அவர் முகத்தில் வந்தது நிம்மதியா, வேறெதுவா,
சொல்லத் தெரியவில்லை.
கையெழுத்துப் போட்டார்.
தேதியைப் போன வருஷமாக எழுதிவிட்டு
அடித்துத் திருத்தினார்.

கொட்டகை மாடியில் இப்போது நான்.
தார் நாற்றம், கீழே யாரோ சங்கிலி இழுக்கும் சத்தம்.
ஒன்பதரைக் கப்பல் ஊதுகிறது.
அடெலினு மேல்தளத்தில் நின்றிருப்பார்,
குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு.
ஊரெல்லாம் தூங்கப் போகிறது.
நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.
காலைக் கப்பல்வரை தாங்கும்போலத்தான் இருக்கிறது.