துண்டுக்கடியில்

ரத்தம் சுற்றும் மெஷின் ஆனியிலிருந்து சுற்றவில்லை.
குளிர்ப்பெட்டி நிறையத் தடுப்பூசி,
ஓரத்தில், யாரும் கேட்காதவரை, நர்சம்மாவின் தயிர்.
அதனால் கோவை ஆய்வுக்காரர்கள் அட்டை அனுப்பினார்கள்.
ஐந்து வட்டம், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அகலம்.
குத்து, சொட்டு விடு, நிழலில் காய வை, தபாலில் போடு.
பனிக்கட்டி வேண்டாம், கரண்ட் வேண்டாம்.
வடகம் மாதிரி
காய்ந்தே ஊர் போய்ச் சேரும் ரத்தம்.

நாச்சிமுத்துவைக் கூட்டி வந்தது
மனைவியில்லை, மகனில்லை.
பீர்முகமது ராவுத்தர்,
முப்பது வருஷ எதிர்த் தரகு.
"ஏனுங்கம்மிணி, இதை நான் சொல்லக் கூடாதுங்க.
துண்டுக்கடியில நடந்தது துண்டோட போகோணும்."

கண்ணபுரத்தில் ஒரு காரி ஜோடி.
துண்டுக்குள் முதல் பிடி ஒரு விலை சொன்னது.
இரண்டாவது பிடி, அதில் பாதி.
மூன்றாவதில் விலையே இல்லை.
"கரண்ட் போன வீட்டுல சுவிச்சத் தேடற மாதிரி
என்ர கையத் தடவிக்கிட்டே இருந்தாருங்க.
பாதி வெலைக்கு முடிச்சிருக்கலாம்.
முடிக்கலைங்க."

முதலில் காகிதத் தேர்வு. அது விதி.
கடிகாரம் வரையுங்கள் என்றேன்.
பென்சிலைச் சாட்டைக்குச்சிபோல் பிடித்தார்.
பள்ளிக்கூடம் மிதிக்காதவர் போட்ட வட்டம்
மறதியால் கோணலா, பழக்கமில்லாமல் கோணலா?
அதை எழுதத் தாளில் கட்டம் இல்லை.
நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன்.
"எதுக்குங் கழிக்கோணும்? ஏழு ஆரோட தரகுங்க?"
முப்பதுக்கு ஒன்பது என்று எழுதும்போது
கை கூசியது.

ரத்தத்துக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.
மாட்டின் வாயைத் திறந்து பல் எண்ணியவருக்கு
இது புதிதும் இல்லை,
விற்கிறவன் சொல்லைக் கேட்காதே, உள்ளே பார்.
"என்ர பல்லும் பாக்கோணுமாங்?" சிரித்தார்.

மோதிர விரலைப் பிடித்தேன்.
பிடித்ததும் அவர் கை விழித்துக்கொண்டது.
தோள் துண்டை எடுத்து
எங்கள் இரண்டு கை மேலும் போட்டார்.
உள்ளே என் இரண்டு விரலை மடக்கி, ஒன்றை அழுத்தி,
என் முகத்தையே பார்த்தார்.
ராவுத்தர் சுவரைப் பார்த்தார்.
எந்த மாட்டுக்கு, என்ன விலைக்கு என்று தெரியாமல்
தலையாட்டினேன்.
துண்டை விலக்கிக் குத்தினேன்.

நான்கு வட்டம் நிறைந்தது. ஐந்தாவது அரைகுறை.
ஊதியூர் மலைப்பக்கமிருந்து ஆடிக்காற்று
மண்ணை வாரி ஜன்னலில் இறைத்தது.
அட்டை மேல் சோறு வடிக்கும் கூடையைக் கவிழ்த்து வைத்தேன்.
அப்படிச் செய்யலாமா என்று
வழிகாட்டிப் புத்தகத்தில் இல்லை.

இருபத்தாறு நாள்.
போனில் ஓர் எண் வந்தது,
பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.
மூளையில் உதிரும் ஏதோ ஒன்று
விரல்நுனி வரை வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.
கீழே பொடி எழுத்தில்,
இது மட்டும் போதாது, நரம்பு மருத்துவர் உறுதி செய்ய வேண்டும்.
அவர் கோவையில்.
இரண்டு பஸ், ஒரு நாள் கூலி,
சாப்பாட்டுச் செலவு தனி.

சாயங்காலம் ராவுத்தர் தனியாக வந்தார்.
நான் சொல்லக் கூடாது.
அவர் கேட்கவும் இல்லை.
மேசைமேல் துண்டை விரித்து
உள்ளே கையை வைத்தார்.

நானும் வைத்தேன்.
எந்த விரலையும் பிடிக்கவில்லை.
"புதன்கிழமை டாக்டர் வருவாருங்க.
அவரு சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க."
அந்தக் கை கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது,
விலை படியாத மாடு
பொழுது சாய்ந்தும் கட்டுத்தறியில் நிற்பதுபோல்.

"ஒம்பதரை பஸ்ஸுக்கே வந்தர்றோமுங்க."
துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டார்.

வெளியே சர்க்கரை பார்க்க ஆறு பேர்.
அடுத்த ஊசியின் உறையைக் கிழித்தேன்.
"கையக் குடுங்க" என்றேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக.