ஒரே கோழி, ஏழு வரவு

மதிப்பிற்குரிய தணிக்கையாளர் ஐயா,
தங்கள் ஆட்சேபணை எண் பதினான்கு கிடைத்தது.
'ஒரு கோழி எப்படி ஏழு முறை விற்கப்பட்டது?
இருப்பேட்டில் மைனஸ் ஆறு கோழி நிற்கிறதே?'
சிவப்பு மையில் அடிக்கோடு இரண்டு.
நீங்கள் பாண்டிச்சேரியிலிருந்து வருகிறவர்,
கடலூர் முதுநகரில் எங்கள்
அறுப்பின் பண்டிகையைப் பார்த்ததில்லை.

ஆராதனை முடிந்ததும்
பீடத்தின் முன் குவிந்ததெல்லாம் வாசலுக்கு வரும்:
பூசணி, முருங்கைக் கட்டு, ஒரு படி உப்பு,
கால் கட்டிய சிவப்புக் கோழி.
மூப்பர் மேஷாக் நாற்காலி மேல் ஏறி
'ஒரு தரம்' என்பார்.

வக்கீல் ஜெபரத்தினம் ஆயிரத்துக்கு எடுத்தார்.
'பள்ளிக்கூடத்துக்கே' என்று திரும்ப நீட்டினார்.
தலைமையாசிரியை தமாரிஸ் ஐந்நூறு, அதே பேச்சு.
ஐஸ் கம்பெனி நெகேமியா ஆயிரத்து இருநூறு.
ஓய்வுபெற்ற தபால்காரர் சீலாஸ் இருநூறு.
பாடகர் குழுப் பிள்ளைகள்
சில்லறை சேர்த்து நூற்றைம்பது;
அவர்களும் திருப்பினார்கள், கோழியைத் தடவிவிட்டு.
ஆறாவதாகக் காண்டிராக்டர் அற்புதராஜ்.
ஐயாயிரம்!
கைதட்டல் உப்பனாற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும்.
போதகர் எழுந்து வந்து கை குலுக்கினார்.
அந்தப் படத்தை அலுவலகத்தில் மாட்டியிருக்கிறோம்.
நீங்கள் காபி குடித்தது அதன் கீழேதான்.

ஏழாவது அஞ்சலாட்சி.
எங்கள் சபை இல்லை. சோனங்குப்பம்.
மகள் ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு.
விடியலில் துறைமுகத்தில் ஏலம் எடுக்கிறவள்,
ஒரு கூடை சூடைக்கு அஞ்சு ரூபாய் ஏறுவதற்குள்
கடலையே சாட்சிக்கு இழுக்கிறவள்.
சுருக்குப்பையை மேசையில் கொட்டி எண்ணினாள்.
'முன்னூத்திப் பத்து. இவ்ளோதான் இருக்கு.'
மேஷாக் மூன்று தரமும் சொல்லி முடித்தார்.
திருப்பித் தருவாள் என்று கை நீட்டினோம்.
'எதுக்கு? வாங்குனேன்ல?'
கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
படியிறங்கிப் போனாள்.
சிலர் முணுமுணுத்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது; குனிந்துகொண்டேன்.

ஆகவே விளக்கம்:
முதல் ஆறும் நன்கொடை. விற்பனை ஒன்றே ஒன்று.
வந்த கோழி ஒன்று, போன கோழி ஒன்று,
இருப்பு ஏதுமில்லை.
தலைப்புகளை மாற்றி எழுதிவிட்டேன்;
மொத்தம் அதே எட்டாயிரத்து முந்நூற்று அறுபது.
செதில் ஒட்டிய நோட்டுகளை
வங்கிக் காசாளர் முகம் சுளித்து வாங்கினார்,
அந்தச் சலானும் ஃபைலில் இருக்கிறது.

தாளாளர் இதுவரைதான் எழுதச் சொன்னார்.

ஐயா, மூன்று நாள் இருந்தீர்கள்.
கோழியின் காலைப் பிடித்தவர்
பக்கத்து ஃபைலைப் பிரிக்கவில்லை.
வவுச்சர் எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
தானே புயலுக்கு அப்புறம் மூன்றாவது கூரை.
பில்லில் அறுபது தகரம், ஒன்று எண்ணூற்றைம்பது.
சப்ளை: அற்புதராஜ் அண்ட் சன்ஸ்.
பாஸ் செய்தவர் தாளாளர்.
மச்சினர் என்று குறிக்க
வவுச்சரில் கட்டம் இல்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் போய்
அண்ணாந்து நின்று எண்ணினேன்.
பிள்ளைகளும் விளையாட்டென்று சேர்ந்துகொண்டார்கள்,
கூவிக் கூவி.
ஐம்பத்திரண்டுக்கு மேல் யாருக்கும் போகவில்லை.
மிச்ச இடத்தில் நீலத் தார்ப்பாய்.

எட்டுத் தகரம், ஆறாயிரத்து எண்ணூறு.
அதில் ஐயாயிரத்துக்குக் கோழி எடுத்தார்,
கைதட்டல் இலவசம்.
மீதி ஆயிரத்து எண்ணூறை
எந்தத் தலைப்பில் எழுதட்டும்?

பதினோரு வருஷமாக இந்த ஏட்டுக்குக் கோடு போடுகிறேன்.
ஜெர்மனிப் பணம் நின்ற வருஷம்
நாலு மாதச் சம்பளம் பாக்கி என்று
என் பெயருக்கு நேரே நானே எழுதினேன்.
அப்போதெல்லாம் பேனா தயங்கியதில்லை.

நேற்றும் மழை.
ஐந்து ஆ-வில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியாயிற்று.
நடுவில் ஒரு வாளி.
பாடம் நடக்கும்போதே அஞ்சலாட்சி மகள் எழுந்துபோய்
ஊற்றிவிட்டு வருகிறாள்,
யாரும் சொல்லாமலே.

இணைப்பு: வவுச்சர் நகல், ஒன்று.
தாளாளர் கையொப்பம் இல்லை.

கு. எப்சிபா,
கணக்கர்.