பத்தொன்பதாவது குறி

லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்.
போகும், வரும்.
அதன் கோடியில் ஒரு தகரக் கொட்டகை,
ஒரு ஹீட்டர், ஒரு கெட்டில்,
போன வருஷத்து கால அட்டவணையின் முதுகில்
குந்தேகா வரைந்து ஆணியடித்த கட்டம்.

கட்டத்துக்குள் கட்டம்.
ஒன்பது சின்னப் பலகை சேர்ந்து ஒரு பெரிய பலகை.
எண்பத்தொரு வீடு.
எனக்குப் பெருக்கல் குறி, அவளுக்குச் சுழி.

கடைசி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவன் நான்.
முதல் வண்டியை எடுக்கிறவள் அவள்.
இரவு பதினொன்றே முக்காலுக்கு என் குறி,
விடியற்காலை ஐந்துக்கு முன்னால் அவள் சுழி.
ஆறு வருஷமாக ஒரே இருக்கை.
அவள் முன்னால் இழுத்து வைப்பாள்,
நான் பின்னால் தள்ளுவேன்.
நேரில் பார்த்தது, ஒரு சவ அடக்கத்தில், ஒரு முறை.

விதி இதுதான்:
சின்னப் பலகையின் எந்த வீட்டில் நான் போடுகிறேனோ
பெரிய பலகையின் அந்த வீட்டுக்கு அவள் போயாக வேண்டும்.
அவள் போடும் இடத்துக்கு நான்.
ஜெயித்து முடிந்த பலகைக்கு அனுப்பப்பட்டால் மட்டும்
எங்கே வேண்டுமானாலும் போடலாம்.
ஸ்டியரிங் இல்லாத வண்டி ஓட்டுகிறவனுக்கு
இதை யாரும் விளக்க வேண்டியதில்லை,
அந்தக் கடைசி வரியைத் தவிர.

ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில்
எறும்பு அளவில் ஒரு எண் போட வேண்டும் என்றாள்,
சீட்டில் எழுதி. எதற்கு என்று கேட்கவில்லை.
நவம்பர் கடைசியில் ஆரம்பித்தோம்.
பிரேக் பார்க்க வந்த யெஃபிம் ஒரு நாள்
சும்மா இருக்க முடியாமல் ஒரு முக்கோணம் போட்டுவிட்டுப் போனான்.
இருவருமே அதை அழிக்கவில்லை.
அந்த வீட்டில் யெஃபிம் குடியிருக்கிறான் என்று விட்டுவிட்டோம்.

டிசம்பரில் நடுப்பலகை என்னுடையதானது.
புத்தாண்டு முடிந்து வலது கை ஓரம்.
இடது கை ஓரத்தில் இரண்டு குறி வைத்துக்கொண்டு
மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன்.
அவள் என்னை அங்கே விடவே இல்லை.
மேலே, கீழே, மூலைக்கு, மறுபடி மேலே,
மூன்று வாரம் கட்டம் கட்டி வைத்தாள்.
பாலத்தின் மேல் காற்று வண்டியை நெட்டும்போதெல்லாம்
அவள்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஜனவரியில் ஒரு இரவு.
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுப் பார்க்கிறேன்:
அறுபதாவது சுழி, ஏதோ ஒரு பலகையின் நட்டநடுவில்.
நடுவுக்கு அனுப்புகிறாள்.
நடு என்றோ முடிந்துவிட்டது.
எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

தூக்கக் கலக்கமா? தர்மமா?
கெட்டில் கொதித்து அணைந்தது.
போட்டேன்.
இடது ஓரம், மூன்றாவது குறி, அறுபத்தொன்று.
மூன்று பலகையையும் சேர்த்துக் குறுக்கே இழுத்த கோட்டில்
பென்சில் முனை உடைந்தது.

மறுநாள் இரவு கோடு அப்படியே இருந்தது.
பென்சில் சீவி வைக்கப்பட்டிருந்தது.
கோட்டுக்குக் கீழே அவள் கையெழுத்து:
‘பத்தொன்பதைப் பார்.’

பார்த்தேன்.
பதினெட்டில் அவள் என்னை வலது மேல் மூலைக்கு அனுப்பியிருக்கிறாள்.
பத்தொன்பதை நான் நடுவில் போட்டிருக்கிறேன்.
தண்டவாளமே இல்லாத இடத்தில் வண்டி ஓட்டியிருக்கிறேன்.
ஆலங்கட்டி பெய்த ராத்திரியோ,
இல்லை, தெரிந்தேதானோ.
எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அவளுக்கு மறுநாள் காலையே தெரியும்.
இருபது என்று எண் போட்டு
பேசாமல் சுழியை வைத்திருக்கிறாள்.
அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல்
என் கள்ளப் பலகையைச் சுற்றி
என்னைக் கூட்டிக்கொண்டு நடந்து,
கடைசியில் கதவைத் திறந்துவிட்டு,
நுழைகிறானா பார்ப்போம் என்று
நின்றிருக்கிறாள்.

கோட்டை அழித்தேன். அறுபத்தொன்றை அழித்தேன்.
பத்தொன்பதை அழுத்தி அழுத்தி அழித்ததில்
தாள் நைந்து கிழிந்தது.
நடுப்பலகையில் ஒரு ஓட்டை, கிட்டத்தட்ட வட்டமாக,
உள்ளே தகரம் தெரிந்தது.
தூரத்திலிருந்து பார்த்தால் சுழி.

இருக்கையை முன்னால் இழுத்து வைத்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.
முதல் வண்டி ஐந்து பத்துக்கு.