எட்டுக் கீற்று

சட்டைக்கு அளவெடுக்க ஆள் வந்து நிற்கும்.
இதற்கு ஆள் இல்லை.
குகதாசன் ஒரு கொப்பித்தாளை மேசையில் விரித்தார்:
பாதிக் கோளம், அதில் எட்டுக் கோடு.
"பொங்கலண்டு பட்டத்திலை இருந்து இறங்கவேணும், தங்கச்சி.
கால் கிலோ இனிப்பு.
தேங்காய் மாதிரி விழக்கூடாது."

கீற்றின் அடி இருபத்துநாலு அங்குலம்,
உயரம் நாற்பத்தெட்டு.
மூன்றில் ஒரு பங்கு ஏறினால் இருபத்தொன்றுக்குக் கொஞ்சம் குறைய,
இரண்டு பங்கு ஏறினால் சரிபாதி,
பிறகு ஒரு முனை, அவ்வளவுதான்.
பேப்பர் தாள்களை ஒட்டி வரைந்தேன்.
மரண அறிவித்தல் பக்கங்கள்தான் கைக்கு வந்தன.
இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரின் நெற்றிக்கு மேலால்
போனது என் வளைவு.

"அக்கா, இது பிறின்சஸ் கட் பிளவுஸ்தான்,
எட்டு நெஞ்சுக்காரி ஒருத்திக்கு"
என்றாள் சுலக்சனா.
கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம்.

குடைச்சீலை, மஞ்சளில் மூன்று யார்,
கத்தரிப்பூ நிறத்தில் மூன்று.
மேசையில் போட்டால் தானாகவே வழுக்கி நிலத்துக்கு இறங்கும்.
குண்டூசி குத்தினால் ஓட்டை மூடாது,
உடுப்புக் கிளிப் மாட்டித்தான் பொருத்தினோம்.
டெனிம் களிசானின் உட்காலில் போடுவதுபோல்
மடித்து, மீண்டும் மடித்து, இரட்டைத் தையல்.
குடைக்கும் எட்டுத் துண்டுதான்,
ஆனால் எப்படி நிற்பதென்று கம்பி சொல்லிக்கொடுக்கும்.
இதற்குச் சொல்ல
காற்றை விட்டால் ஒருவருமில்லை.

எட்டுக் கயிறு, ஆறாறு அடி.

மார்கழிக் கடைசியில்
தண்ணீர்த்தாங்கி மேல் ஏறி நின்று விட்டார்.
டப்பென்று விரிந்தது.
விரிந்ததும் ஆடத் தொடங்கியது,
இந்தப் பக்கம் காற்றைக் கக்கி, அந்தப் பக்கம் கக்கி,
கோயில் மணியின் நாக்குப்போல்.
இனிப்புப் பேணி மதிலில் அடித்து நெளிந்தது.
அளவில் பிழையில்லை. கயிற்றில் பிழையில்லை.
இரவு விளக்கின் கீழே
ஒவ்வொரு தையலாய் விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பத்து வயதில்
வளவுப் பனையில் ஒரு பரா லைற் சிக்கிக் கிடந்தது.
இரவெல்லாம் எங்களைக் காட்டிக்கொடுத்தது
விடிந்ததும் வெறும் வெள்ளைச் சீலை.
அம்மா அதில் எனக்கு உள்பாவாடை தைத்தார்.
உச்சியில் உள்ளங்கையளவு ஓட்டை.
எரிந்த இடம் என்று
ஒட்டுப்போட்டு மூடினோம்.

எரிந்ததல்ல.
விரலுக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது:
அந்த ஓட்டையின் ஓரம்
மடித்துத் தைத்திருந்தது.
எந்த நாட்டிலோ, எந்தத் தொழிற்சாலை மேசையிலோ,
ஒருத்தி, இழை பிசகாமல்,
உள்ளே அடைபட்ட காற்று வெளியேற
வழி விட்டிருக்கிறாள்.
அதன் கீழே யார் ஓடுவார்கள் என்று
அவளுக்குச் சொல்லியிருப்பார்களா.

காலையில் உச்சியை அரிந்தேன், ஆறு அங்குல வட்டம்.
"ஐயோ, எல்லாத்தையும் பாழாக்கிப்போட்டீர்!"
குகதாசன் வாசலிலேயே நின்றுவிட்டார்.
நான் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில்
பட்டம் அதை விட்டது.
ஆடவில்லை.
வாடைக்காற்று நேரே ஊருக்குள் கொண்டுபோனது,
பெடியள் கூரைகளைப் பார்த்தபடி ஒழுங்கைகளில் ஓடினார்கள்.

பின்னேரம் ஒரு போன்.
ஓரத்தில் நான் தைத்திருந்த கடைச் சிட்டையைப் பார்த்து
யாரோ ஒரு அம்மா:
"உங்கடை சாமான் எங்கடை முருங்கையிலை கிடக்குது, பிள்ளை.
இனிப்பு முடிஞ்சுது. சீலை நல்லாத்தான் இருக்கு,
நடுவிலைதான் ஒரு ஓட்டை.
நான் தைச்சு வைக்கட்டே?"

வேண்டாம், அப்பிடியே விடுங்கோ, என்றேன்.
அதுதான் கடைசியாய்த் தைச்சது.